டைரக்டர் ஜனநாதனும் நமது கடமையும்

(மார்ச் 14 நினைவுக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



மார்ச் மாதம் 14-ம் தேதி உலகத் தொழிலாளி வர்க்கம் மறக்க முடியாத தேதியாகும். 1883-ம் ஆண்டு அன்றுதான் லண்டன் மாநகரில் மாமேதை காரல் மார்க்ஸ் கண்மூடினார். அதே மார்ச் 14-ல், 2021-ம் ஆண்டில், சென்னையில் டைரக்டர் எஸ்.பி. ஜனநாதன் காலமானார். தேதிகளிலே மாயம் தேடுவது நமது வழக்கமல்ல. இது தற்செயல்தான். ஆயினும், தமிழ் சினிமாவுக்குள் நின்று மார்க்ஸின் பெயரைக் கூசாமல் உச்சரித்த ஒரு கலைஞன் அதே நாளில் மறைந்தான் என்பதை எண்ணும்போது நமது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

அவருக்கு அப்போது வயது 61. "லாபம்" படத்தின் எடிட்டிங் வேலை நடந்துகொண்டிருந்த சமயம். வீட்டிலே நினைவிழந்து கிடந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அவர் மீளவில்லை. தாம் கடைசியாக எடுத்த படம் கொட்டகைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 2021 செப்டம்பர் 9-ம் தேதி, அவர் இல்லாமலே அது வெளிவந்தது.

இன்றைய கூட்டத்துக்கு வரும் வழியிலே ஓர் இளந்தோழர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "பெரிய நடிகர்களை வைத்து, பாட்டும் சண்டையும் போட்டுப் படமெடுத்தவர்தானே? அவருக்கு நாம் ஏன் கூட்டம் நடத்த வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டு வெறும் புகழ்மாலை சூட்டிச் செல்வது நமக்கும் அழகல்ல, அவருக்கும் மரியாதையல்ல. எனவே, இந்தக் கேள்வியையே நமது பேச்சுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்வோம்.

பழைய பாதை

தமிழ் சினிமாவிலே உழைக்கும் மக்களின் குரலை ஒலிக்கச் செய்யும் முயற்சி ஜனநாதனோடு தொடங்கியதல்ல. 1960-ம் ஆண்டிலேயே "பாதை தெரியுது பார்" வெளிவந்தது. வங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, இங்கேயே வேரூன்றிய நிமாய் கோஷ் அதன் டைரக்டர். இசை எம்.பி. சீனிவாசன். ஜெயகாந்தன் அதற்குப் பாட்டெழுதினார். 1965-ல் ஜெயகாந்தனே "உன்னைப்போல் ஒருவன்" படத்தை எடுத்தார். இவையெல்லாம் பெருமைக்குரிய முயற்சிகள். ஆனால் நடந்தது என்ன? "பாதை தெரியுது பார்" பாட்டுக்கள் நிலைத்தன, படம் நிலைத்து ஓடவில்லை. படமெடுக்கத் தொழிலாளி போதும்; அதை ஜனங்களிடம் கொண்டுசெல்ல விநியோகஸ்தர் வேண்டும், கொட்டகை வேண்டும். அவை யார் கையில் இருக்கின்றன என்பதை நாம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முன்னோர்கள் சந்தைக்கு வெளியே நின்று கதவைத் தட்டினார்கள். ஜனநாதன் சந்தைக்கு உள்ளே நுழைந்து, அங்கிருந்தே ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். இரண்டு வழிகளிலும் கஷ்டம் உண்டு. இரண்டாவது வழியில் வழுக்கி விழும் அபாயமும் உண்டு. அவர் எங்கே உறுதியாக நின்றார், எங்கே வழுக்கினார் என்பதைப் பார்ப்போம்.

ஐந்து படங்கள், ஐந்து களங்கள்

முதல் படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 44. பதினெட்டு ஆண்டுகளில் அவர் டைரக்ட் செய்தவை ஐந்தே படங்கள்: "இயற்கை" (2003), "ஈ" (2006), "பேராண்மை" (2009), "புறம்போக்கு என்கிற பொதுவுடைமை" (2015), "லாபம்" (2021). இந்த ஐந்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். துறைமுகம், குப்பம், காடு, சிறைச்சாலை, வயல்! ஒரு முறை சென்ற களத்துக்கு அவர் மறுமுறை செல்லவில்லை. ஒவ்வொரு களத்திலும் அங்கே வாழ்கிற எளிய மனிதன் யார், அவன் தலைமீது உட்கார்ந்திருப்பவன் யார் என்று தேடினார்.

"இயற்கை" ஒரு காதல் கதை. ருஷ்ய இலக்கிய மேதை தஸ்தயேவ்ஸ்கியின் "வெண்ணிற இரவுகள்" கதையைத் தழுவியது. அந்த பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஏக்கத்தைத் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு அவர் கொண்டுவந்தார். மருது என்ற கடலோடி நான்சியைக் காதலிக்கிறான். அவளோ, திரும்பி வருவேன் என்று சொல்லிச் சென்ற கப்பல் கேப்டனுக்காகக் காத்திருக்கிறாள். கடைசியில் கேப்டன் வருகிறான். மருது விலகிச் செல்கிறான். கதாநாயகன் விரும்பினால் பெண் இணங்கியே தீரவேண்டும் என்று பாடம் நடத்திய சினிமாவிலே, முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுடையது என்று ஒரு புது டைரக்டர் சொன்னார். 2003-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

விருது வாங்கியவர் அடுத்து என்ன செய்வார்? அதே மாதிரி இன்னொரு காதல் படம் எடுத்துக் காசு பார்ப்பார். ஜனநாதன் குப்பத்துக்குப் போனார்.

சோதனை எலிகள் யார்?

"ஈ" படத்தின் நாயகன் உத்தமனல்லன். பணத்துக்காக அடியாள் வேலை செய்யும் குப்பத்து இளைஞன். அவனுடைய மக்களே ஒரு பன்னாட்டு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கு இரையாகிறார்கள். ஏழைக்கு இலவச வைத்தியம் என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதை அவன் மெல்ல மெல்ல உணர்கிறான். அப்போது சிலர், "இதெல்லாம் சினிமாக் கற்பனை" என்றார்கள்.

கற்பனையா? உண்மையைப் பாருங்கள். ஒரு புதிய மருந்தை விற்பனைக்குக் கொண்டுவருவதற்கு முன், மனிதர்கள் மீது கட்டம் கட்டமாகச் சோதிக்க வேண்டும். பணக்கார நாடுகளில் அதற்குச் செலவு அதிகம், கேள்வி கேட்பவர்களும் அதிகம். 2005 ஜனவரியில் இந்தியாவின் மருந்து விதிகள் திருத்தப்பட்டன. வெளிநாட்டில் நடக்கும் கட்டத்தையே அதே காலத்தில் இங்கும் நடத்தலாம் என்று கதவு திறந்துவிடப்பட்டது. மறு ஆண்டிலேயே "ஈ" வெளிவந்தது. 2009-ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் பள்ளிச் சிறுமிகளுக்கு ஒரு புதிய தடுப்பூசி போட்டு ஆய்வு நடத்தினார்கள். கம்மத்தில் அவர்களிலே ஏராளமானோர் ஆதிவாசிக் குழந்தைகள். பல சம்மதப் படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் பெற்றோரல்லர். விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும்தான்! சிறுமிகள் சிலர் இறந்த செய்தி வெளிவந்து கூக்குரல் எழுந்தபின், 2010 ஏப்ரலில் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. தடுப்பூசியினால்தான் அவர்கள் இறந்தார்கள் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால், சம்மதம் பெற்ற முறையையும் கண்காணிப்பு இல்லாமையையும் 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு மிகக் கடுமையாகக் கண்டித்தது.

தோழர்களே, மருத்துவ விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகளல்லர். தடுப்பூசி கோடிக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கிறது. சோதனை வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. ஏழையின் உடம்பு கேட்பாரற்ற புறம்போக்கு நிலம் என்று கருதுகிற அந்த லாபவெறியைத்தான் எதிர்க்கிறோம். அந்த வேறுபாட்டைக் கொட்டகையில் கடைசி வரிசை ரசிகனுக்கும் புரியும்படி சொன்னதுதான் "ஈ" செய்த வேலை.

காட்டின் மகன்

மூன்றாவது படம் "பேராண்மை". இதன் மூலம் ஒரு சோவியத் படைப்பு. போரிஸ் வசீலியெவ் எழுதிய "அதிகாலையின் அமைதியில்" என்ற குறுநாவலை 1972-ல் சோவியத் டைரக்டர் ரஸ்தோத்ஸ்கி படமாக்கினார். ஹிட்லரின் பாசிஸ்டுப் படையை எதிர்த்து ஒரு சார்ஜெண்டும் ஐந்து இளம் பெண் வீராங்கனைகளும் காட்டிலே நடத்திய போர் அது. அந்தக் கதையை ஜனநாதன் தமிழ்நாட்டு மலைக்காட்டுக்குக் கொண்டுவந்தார். சார்ஜெண்டு இடத்தில் துருவன் என்ற வனத்துறை ஊழியன். அவன் ஆதிவாசி. இந்த ஒரு மாற்றத்திலேதான் படத்தின் உயிர் இருக்கிறது.

துருவனுக்குப் படிப்பு இருக்கிறது, திறமை இருக்கிறது, காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும். ஆனாலும் மேலதிகாரி அவனைப் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துகிறான். பயிற்சிக்கு வந்த மாணவிகளும் அவனை ஏளனம் செய்கிறார்கள். ராக்கெட் ஏவுவதைத் தகர்க்க அந்நியக் கூலிப்படை காட்டுக்குள் நுழைகிறபோது, அவனும் ஐந்து பெண்களும்தான் எதிர்த்து நிற்கிறார்கள். வெற்றிக்குப் பிறகு பதக்கம் யாருக்கு? அவனை இழிவுபடுத்திய அதே மேலதிகாரிக்கு! துருவன் தன் காட்டுக்குத் திரும்புகிறான். உழைப்பவன் ஒருவன், பலனை எடுத்துக்கொள்பவன் வேறொருவன் என்ற உபரி மதிப்பின் பாடத்தை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியுமா?

இந்தப் படத்தின் சில இடங்களில் பாத்திரங்களின் உதடு அசைகிறது, சொல் கேட்கவில்லை. தணிக்கையிலே ஒலி பறிபோன வசனங்கள் அவை. சாதிய வசவு நாட்டிலே தினமும் காதில் விழலாம், திரையில் மட்டும் விழக்கூடாது போலும்!

நமது தோழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1992 ஜூன் 20-ம் தேதி தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி மலைக் கிராமத்துக்குள் வனத்துறையும் போலீஸும் புகுந்து என்ன செய்தன என்பதை நாம் அறிவோம். பத்தொன்பது ஆண்டுகள் போராடித்தான் 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்புப் பெற முடிந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் அறிவித்தது. "பேராண்மை" வெளிவந்த 2009-ல் அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. காட்டின் மகனைக் காவலனாக, அறிவாளியாக, ஆசானாகத் திரையில் நிறுத்திய அந்தச் செயலின் மதிப்பை இந்தப் பின்னணியில்தான் அளக்க வேண்டும்.

ஒரு வசவுச் சொல்லின் கதை

"புறம்போக்கு" என்றால் நமது ஊர்களில் வசவு. ஆனால் நிலப்பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு! தனியொருவன் பட்டாவில் அடங்காதது, ஊருக்கே பொதுவானது என்று அர்த்தம். எல்லோருக்கும் சொந்தமான ஒன்றின் பெயரை எப்படி வசவாக மாற்றினார்கள்? தனிச்சொத்தே மரியாதை என்று வைத்திருக்கும் சமுதாயத்தில் அது அப்படித்தான் ஆகும். அந்தச் சொல்லை எடுத்து, அதன் பக்கத்திலே பொதுவுடைமை என்ற சொல்லை நிறுத்தி, நாடெங்கும் சுவரொட்டி ஒட்டவைத்தார் ஜனநாதன். அவருடைய சொந்தக் கம்பெனியோடு சேர்ந்து அதைத் தயாரித்தது யு.டி.வி. என்ற பம்பாய்ப் பெருங்கம்பெனி! முதலாளியின் காசிலேயே பொதுவுடைமைச் சுவரொட்டி!

கதை தூக்குமேடையைச் சுற்றியது. வெளிநாட்டுக் கழிவுகளை நமது நாட்டில் கொட்டுவதை எதிர்த்துப் போராடிய புரட்சிக்காரன் தூக்குத் தண்டனைக் கைதியாக இருக்கிறான். சட்டத்தை நிறைவேற்றியே தீரவேண்டும் என்று நிற்கும் அதிகாரி ஒருவர். தூக்கிலிடும் தொழிலையே வெறுத்துக் குடியில் மூழ்கிய தொழிலாளி ஒருவன். இந்த மூவரின் பெயர்களையும் கவனியுங்கள். அதிகாரியின் பெயர் மெக்காலே. இந்திய தண்டனைச் சட்டத்துக்கு நகல் எழுதிய வெள்ளைக்காரனின் பெயர் அது. 1860-ல் சட்டமாகி, 2024 ஜூன் முடிய நடப்பில் இருந்த சட்டம்! தூக்கிலிடுபவன் எமலிங்கம். கைதியின் பெயர் பாலு.

பாலு! அந்தப் பெயரைக் கேட்டதும் நமது நினைவு எங்கே செல்கிறது? 1951-ல் மதுரைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட நமது தியாகி பாலுவிடம் செல்கிறது. கொட்டகையில் விசிலடித்த இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தியாகியைத் தெரியும்? அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு டைரக்டருடையதா, நம்முடையதா? இந்தக் கேள்விக்குப் பின்னால் வருவோம்.

படத்தில் தூக்குக் கயிறு, மேடை, ஒத்திகை என்று ஒவ்வொன்றையும் ஒரு பட்டறையின் வேலையைக் காட்டுவது போல அவர் காட்டினார். அரசாங்கம் ஒரு மனிதனைக் கொல்வதற்கு எத்தனை பேருடைய கைகளை அழுக்காக்க வேண்டியிருக்கிறது! மரண தண்டனை வேண்டாம் என்று நூறு கூட்டத்தில் பேசுவதை அந்தக் காட்சிகள் செய்தன.

அதே 2015-ல் அவருடைய சீடர் கல்யாணகிருஷ்ணன் டைரக்ட் செய்த "பூலோகம்" படத்துக்கு ஜனநாதன் வசனம் எழுதினார். வடசென்னையின் குத்துச்சண்டை வீரர்களின் ரத்தத்தை டெலிவிஷன் கம்பெனி எப்படிக் காசாக்குகிறது என்ற கதை அது. தாம் கற்றதைச் சீடர்களுக்கும் கொடுத்தார் என்பதற்கு அது சான்று.

லாபம் எங்கே போகிறது?

கடைசிப் படம் "லாபம்". ஊருக்குத் திரும்பும் பக்கிரி, சிதறிக் கிடக்கும் விவசாயிகளை ஒன்றுதிரட்டிக் கூட்டுப் பண்ணை அமைக்க முயல்கிறான். ஆலை முதலாளிகளும் நிலப்பிரபுக்களும் சேர்ந்து அதை உடைக்கப் பார்க்கிறார்கள். நமது கரும்பு விவசாயியைக் கேளுங்கள். ஆலைக்குப் போன கரும்பிலிருந்து சர்க்கரை மட்டுமா வருகிறது? சக்கை எரிந்து மின்சாரமாகிறது. கழிவுப்பாகு சாராயமாகிறது. விவசாயிக்குக் கிடைப்பதோ கரும்பின் விலை மட்டும், அதற்கும் பாக்கி! "லாபம்" என்ற தலைப்பே இந்தக் கணக்கைக் கேட்கும் தலைப்பு.

2020 நவம்பர் 26 முதல் டில்லியின் எல்லைகளில் லட்சக்கணக்கான விவசாயிகள் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து அமர்ந்திருந்தார்கள். அந்தப் போராட்டம் நடக்கும்போதே ஜனநாதன் மறைந்தார். அது நடக்கும்போதே படம் வெளிவந்தது. அந்த ஆண்டு நவம்பர் முடிவதற்குள் அந்தச் சட்டங்களை நாடாளுமன்றம் ரத்து செய்தது. படத்திலே பக்கிரி கேட்ட கணக்கை, டில்லி எல்லையில் நிஜ விவசாயிகள் கேட்டு வென்றார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

குறைகளையும் சொல்வோம்

தோழர்களே, விமர்சனம் இல்லாத பாராட்டு நட்புக்கு இலக்கணமாகாது. "பேராண்மை"யின் முற்பகுதியில் மாணவிகளின் வாயில் வந்த சில கொச்சையான பேச்சுக்கள், பிற்பகுதியில் அவர்கள் அடையும் உயரத்துக்குப் பொருந்தவில்லை. "புறம்போக்கு" படத்தில் சில பாட்டுக்கள் கதையின் காலைப் பிடித்து இழுத்தன. "லாபம்" பல இடங்களில் கதையை விட்டுவிட்டு வகுப்பு நடத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனங்கள் கூடிச் சாதிக்க வேண்டியதைக் கதாநாயகன் ஒருவனே சாதிப்பதாகக் காட்டும் நட்சத்திர முறையிலிருந்து அவரால் முழுதும் விடுபட முடியவில்லை. கூட்டுப் பண்ணைக்கு நூறு கைகள் வேண்டும். சினிமாச் சந்தைக்கு ஒரே ஒரு முகம் போதும். இந்த முரண்பாடு ஜனநாதனின் தனிப்பட்ட பலவீனமல்ல. அவர் வேலை செய்த தொழிலின் அமைப்பிலேயே அது இருக்கிறது.

ஆனால் அந்த முரண்பாட்டுக்குள்ளும் அவர் தம்முடைய பாணி ஒன்றை உண்டாக்கினார். வெளியே விறுவிறுப்பான கதை, உள்ளே ஒரு பாடம். எதிரியாகத் தனி மனிதன் நிற்பான். அவனுக்குப் பின்னால் ஒரு கம்பெனியோ, ஒரு சட்டமோ, ஓர் அமைப்போ நிற்கும். பெண்கள் அழகுப் பொம்மைகளாக முடிந்துவிட மாட்டார்கள். "பேராண்மை"யில் ஐந்து பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள், "புறம்போக்கு" படத்தில் புரட்சிக்காரி குயிலி, வேலு நாச்சியார் படையின் வீராங்கனையுடைய பெயரைத் தாங்கி நின்றாள். ஐந்து படங்களில் ஒன்றில்கூட அவர் உழைப்பவனைக் கேலிப்பொருளாக்கவில்லை.

நமது சுயவிமர்சனம்

இப்போது அந்த இளந்தோழரின் கேள்விக்கு வருவோம். சந்தைக்குள் நின்றவருக்கு நாம் ஏன் கூட்டம் நடத்த வேண்டும்?

தோழரே, கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். அவர் சந்தைக்குள் தனியாக நின்றபோது நாம் எங்கே நின்றோம்? இன்று ஒரு படத்தின் தலைவிதி முதல் மூன்று நாளிலே முடிவாகிவிடுகிறது. "புறம்போக்கு" வந்த அந்த முதல் மூன்று நாளில் நமது கிளைகள் என்ன செய்தன? தொழிற்சங்கத் தோழர்களைக் குடும்பத்தோடு அழைத்துச் சென்றோமா? நமது பத்திரிகையில் உடனே விமர்சனம் எழுதினோமா? கொட்டகை வாசலில் நின்று, "படத்தில் பார்த்த பாலுவைப் போல நிஜத்திலும் ஒரு பாலு உண்டு" என்று ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தோமா? பெரும்பாலான ஊர்களில் இல்லை என்பதே உண்மை. "கமர்ஷியல் படம்" என்று உதட்டைச் சுழித்துவிட்டு வீட்டிலே இருந்தோம். அவர் இறந்த பிறகு பூமாலையோடு வந்தோம். இதை ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒப்புக்கொள்வோம்.

கலைஞன் விதையைத் தூவலாம். தண்ணீர் பாய்ச்சுவது ஸ்தாபனத்தின் வேலை. அவர் தம் பங்கைச் செய்துவிட்டார். நம் பங்கு பாக்கி இருக்கிறது.

ஆகவே இன்றைக்கு மூன்று காரியங்களை நாம் மேற்கொள்வோம். ஒன்று, இந்த ஐந்து படங்களையும் கிராமங்களிலும் குடியிருப்புகளிலும் திரையிட்டு, முடிந்தபின் கலைந்துவிடாமல் உட்கார்ந்து விவாதிப்போம். குறைகளையும் சேர்த்தே விவாதிப்போம். இரண்டு, உழைக்கும் மக்களைப் பற்றி இனி எந்தப் புது டைரக்டர் படமெடுத்தாலும், அது வந்த வாரத்திலேயே பார்ப்போம், எழுதுவோம், பேசுவோம். மூன்று, உதவி டைரக்டர்களாகவும் லைட் தூக்குபவர்களாகவும் செட் போடுபவர்களாகவும் பாடுபடும் சினிமாத் தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினையை நமது பிரச்சினையாகக் கருதுவோம். அவர்கள் மத்தியிலிருந்துதான் நாளைய ஜனநாதன் வரவேண்டும்.

எடிட்டிங் மேசையிலே வேலை முடியாமல் கிடந்தபோது அவர் போய்விட்டார். அந்தப் படத்தை அவருடைய தொழிலாளத் தோழர்கள் முடித்துக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். முடியாமல் கிடக்கும் மற்ற வேலையை நாம் முடிக்க வேண்டும்.

டைரக்டர் ஜனநாதனுக்கு நமது செவ்வணக்கம்!